சிறிய பிலிம் கேமரா தேடும் தம்பி தங்கைகளுக்கு

சட்டைப்பையில் அடங்குகிற பிலிம் கேமரா ஒன்று சொல்லுங்கள் என்று கேட்டு இப்போதெல்லாம் நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். அவர்களைப் பார்க்க எனக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது. பலர் கையில் ஒரு பட்டியலோடு வருகிறார்கள்: கான்டாக்ஸ் டி2, ஒலிம்பஸ் மியூ-2, யாஷிகா டி4. இவற்றில் எது சிறந்தது என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு.

குறிபார்த்து பட்டனை அழுத்தினால் போதும் என்ற எண்ணத்தில் உருவானது இந்தச் சிறிய கேமரா. மற்ற வேலைகளை அதுவே பார்த்துக்கொள்ளும். எதிரே இருப்பவர் எவ்வளவு தூரத்தில் நிற்கிறார், வெளிச்சம் எவ்வளவு, பிளாஷ் வேண்டுமா, உள்ளே இருக்கும் பிலிமின் வேகம் என்ன ஆகிய நான்கையும் உங்களுக்குப் பதிலாக அது முடிவு செய்கிறது. நான்கிலும் அவ்வப்போது தவறும். ஒவ்வொரு கேமராவும் தவறும் விதம் வேறு. எந்தக் கேமராவின் தவறு உங்கள் படங்களை அதிகம் பாதிக்காது, எதன் தவறை உங்கள் கையாலேயே திருத்தலாம் என்று பாருங்கள். கீழே நான் சொல்லும் எல்லாமே இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

1. கேமராவைத் தேடும் முன் உங்கள் படங்களைப் பாருங்கள்.

உங்கள் செல்போனில் இருக்கும் படங்களில் உங்களுக்கே பிடித்தவற்றை மட்டும் தனியாக எடுத்து வையுங்கள். அவற்றில் மனித முகங்கள் அதிகமா, தெருவா, மலையும் கடலுமா? பகலா, ராத்திரி விளக்கொளியா? எவ்வளவு தூரத்தில் நின்று எடுத்திருக்கிறீர்கள்? இதற்கான விடைகள்தான் உங்கள் கேமராவைத் தீர்மானிக்க வேண்டும்.

செல்போனின் முதன்மை லென்ஸ் பெரும்பாலும் 24 முதல் 28 மி.மீ. வரையிலான அகலப் பார்வை கொண்டது. சிறிய பிலிம் கேமராக்களில் அதிகம் காணப்படுவது 35 அல்லது 38 மி.மீ. லென்ஸ். செல்போனுக்குப் பழகிய கண்ணுக்கு அது சற்றுக் குறுகலாகத் தெரியும். ஓர் அடி பின்னால் போக வேண்டியிருக்கும், அல்லது சட்டத்துக்குள் இருப்பதைக் குறைக்க வேண்டியிருக்கும். தெருவில் மிக நெருங்கி நின்று எடுப்பதுதான் உங்கள் வழக்கம் என்றால் 28 மி.மீ. லென்ஸ் உள்ள கேமராவைத் தேடலாம். 1996இல் வந்த ரிக்கோ ஜிஆர்1 அப்படிப்பட்டது. ஜப்பானியப் புகைப்படக் கலைஞர் டைடோ மொரியாமா ரிக்கோவின் ஜிஆர் வரிசையைத் தெருப் படங்களுக்குப் பயன்படுத்தியவர்.

2. வீட்டுப் பரணில் தேடிப் பாருங்கள்.

1980, 90களில் நம் நாட்டில் பல வீடுகளில் யாஷிகா எம்எஃப்-2 சூப்பர் இருந்தது. பிறகு கோடாக் கேபி10 வந்தது. சித்தப்பாவிடமோ அத்தையிடமோ கேட்டால் ஒன்று கிடைக்கலாம். இவற்றில் லென்ஸ் அசையாது. ஒன்றரை மீட்டருக்கு அப்பால் எல்லாம் ஓரளவு தெளிவாக விழும்படி ஒரே இடத்தில் நிறுத்தப்பட்டிருக்கும். வெயிலில் நன்றாகவே எடுக்கும். வீட்டுக்குள் பிளாஷ் இல்லாமல் முடியாது. இரண்டு ரோல் போட்டு எடுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் இது உங்களுக்குப் போதவில்லை என்பது தெரிந்துவிடும். அடுத்து எதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்பதும் அதிலிருந்தே புரியும்.

3. தூரத்தை அது எப்படி அளக்கிறது என்று கேளுங்கள்.

தானாகவே தூரம் அளந்து லென்ஸை நிறுத்தும் கேமராவாகப் பரவலாக விற்பனைக்கு வந்த முதலாவது, 1977இன் கோனிகா சி35 ஏஎஃப். இரண்டாண்டு கழித்து கேனான் ஏஎஃப்35எம் வந்தது. அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பி, அது எதிரே பட்டுத் திரும்புவதைக் கொண்டு தூரத்தைக் கணித்தது. பின்னால் வந்த சிறிய கேமராக்களில் பலவும் இதே வழியைப் பின்பற்றின.

இந்த முறை எங்கே தவறும் என்று தெரிந்திருந்தால் பாதிப் படங்கள் பிழைக்கும். இரண்டு நண்பர்கள் தோளோடு தோள் நிற்கிறார்கள். நடுவில் குறிவைத்தால் கதிர் இடைவெளியில் புகுந்து பின்சுவரில் போய்ப் படும். சுவர் துல்லியமாகவும் முகங்கள் மங்கலாகவும் விழும். இதற்கு மருந்து எளிது. ஒருவர் முகத்தில் குறிவைத்து பட்டனைப் பாதி அழுத்துங்கள்; விரலை எடுக்காமல் கேமராவைத் திருப்பி, வேண்டிய சட்டத்தில் முழுதும் அழுத்துங்கள். ரயில் ஜன்னல் கண்ணாடி வழியாக எடுத்தால் கதிர் கண்ணாடியிலேயே பட்டுத் திரும்பிவிடலாம். தொலைவுக்கென்று மலைக் குறியிட்ட பட்டன் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். கறுப்புத் துணி கதிரை விழுங்கிவிடும் என்பதால் கறுப்பு உடையில் குறிவைப்பதையும் தவிருங்கள்.

தூரத்தை உங்களிடமே விட்டுவிடும் கேமராக்களும் உண்டு. ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2இல் ஒருவர், குழு, மலை என்று மூன்றே நிலைகள். பக்கத்தில் உள்ள சிறு நெம்புகோலை நகர்த்தினால் போதும். அதில் தவறு நேர்ந்தால் அது நீங்கள் செய்தது. அடுத்த முறை திருத்திக்கொள்ளலாம்.

4. வெளிச்சத்தை அளக்கும்போது எதற்கு ஏமாறும் என்று பாருங்கள்.

ஜன்னலுக்கு முன்னால் பாட்டி உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் வெளிச்சத்தைப் பார்த்த கேமரா, இங்கே ஒளி ஏராளம் என்று முடிவு செய்து ஷட்டரைச் சீக்கிரம் மூடிவிடும். பாட்டியின் முகம் கறுத்துப்போகும். மெரினாவில் நண்பகலில் கடலைப் பின்னணியாக வைத்து ஒருவரை எடுத்தாலும் இதே கதைதான்.

ஆகவே இந்த முடிவைத் திருத்த வழி இருக்கிறதா என்று பாருங்கள். 1983இல் வந்த நிக்கான் எல்35ஏஎஃப்பில் லென்ஸ் அருகே ஒரு நெம்புகோல் உண்டு. அழுத்தினால் இரண்டு படி, அதாவது நான்கு மடங்கு, ஒளி கூடும். கான்டாக்ஸ் டி2இல் கூட்டவும் குறைக்கவும் தனித் திருகே இருக்கிறது. மியூ-2இல் சட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் அளக்கச் சொல்லலாம். எதுவுமே இல்லாவிட்டால் அந்தக் கேமராவில் எதிர்வெளிச்சப் படங்களைப் பிளாஷ் போட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். கலர் நெகட்டிவ் பிலிம் ஒளி கூடினால் பொறுத்துக்கொள்ளும், குறைந்தால் பொறுக்காது. ஒரு படி, இரண்டு படி கூடிய நெகட்டிவிலிருந்து நல்ல படம் எடுக்க முடியும். ஒளி குறைந்துபோன நெகட்டிவில் நிழல்கள் சேறு போல் கலங்கிக் கிடக்கும். எந்த ஸ்கேனரும் அதைக் காப்பாற்றாது.

5. பிளாஷை அணைக்க முடிகிறதா, அணைத்தால் அணைந்தே இருக்கிறதா?

இந்த ஒன்றைப் பார்க்காமல் வாங்கியவர்கள்தான் பின்னால் அதிகம் வருந்துகிறார்கள். 1997இல் வந்த மியூ-2 சுமார் 135 கிராம் எடையில், எஃப் 2.8 லென்ஸோடு, தூறலையும் தாங்கும் உடலோடு வந்த அருமையான கேமரா. ஆனால் மூடியைச் சாத்தித் திறக்கும் ஒவ்வொரு முறையும் பிளாஷ் மறுபடி தானியங்கி நிலைக்குப் போய்விடும். விளக்கு ஏற்றும் நேரத்தில் கோயில் பிராகாரத்தின் மெல்லொளியை நம்பி எடுக்கப் போகிறவர், ஒவ்வொரு தடவையும் பட்டனைத் தட்டி அணைக்க வேண்டும். தட்ட மறந்தால் பளிச்சென்று அடித்துவிடும். எக்ஸ்ஏ2இல் பிளாஷ் தனித்துண்டு. வேண்டாமென்றால் கழற்றி வீட்டில் வைத்துவிடலாம்.

பிளாஷ் போட்டே எடுக்கப் போகிறீர்களா? கல்யாண வீடு, நண்பர்கள் கூட்டம் என்றால் அதுவும் அழகுதான். அதன் எல்லையை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தச் சிறு பிளாஷ்கள் ஐ.எஸ்.ஓ. 100 வேகமுள்ள பிலிமில் மூன்று நான்கு மீட்டர் வரைதான் எட்டும். ஐ.எஸ்.ஓ. 400 போட்டால் எட்டும் தூரம் இரண்டு மடங்காகும். மேடைக் கச்சேரியைக் கடைசி வரிசையிலிருந்து பிளாஷ் போட்டு எடுத்தால் முன்வரிசைத் தலைகள்தான் வெளுத்து விழும்.

6. பிலிமின் வேகத்தை யார் சொல்கிறார்கள்?

1983இல் கோடாக் அறிமுகப்படுத்திய டி.எக்ஸ். குறியீடு பிலிம் டப்பாவின் மேல் கறுப்பும் வெள்ளியுமாகக் கட்டங்களாக இருக்கும். கேமராவுக்குள் உள்ள ஊசிகள் அதைத் தொட்டு வேகத்தை அறிந்துகொள்ளும். வசதிதான். ஆனால் டப்பாவில் குறியீடு இல்லையென்றால் பல கேமராக்கள் ஐ.எஸ்.ஓ. 100 என்றே எடுத்துக்கொள்ளும். சினிமா பிலிமை வெட்டிச் சுற்றி விற்பவர்களிடம் ரோல் வாங்கினால் இதைக் கவனியுங்கள்.

எக்ஸ்ஏ2, எல்35ஏஎஃப் போன்றவற்றில் வேகத்தை நீங்களே வைக்கலாம். அதில் ஒரு லாபம் உண்டு. 400 பிலிமைப் போட்டு 200 என்று வைத்தால் எல்லாப் படத்துக்கும் ஒரு படி ஒளி கூடும். பழைய ஒளிமீட்டரை முழுதும் நம்ப முடியாத இடத்தில் இது நல்ல காப்பு. பாட்டியின் ஜன்னல் படத்துக்கு மட்டும் 100 என்று மாற்றி எடுத்துவிட்டு, மறக்காமல் திரும்ப வைத்துவிடலாம்.

7. ஜூம் வேண்டுமென்றால் விலையை ஒளியில் கொடுக்கிறீர்கள்.

1986இல் பென்டாக்ஸ் ஜூம் 70 வந்தபின் எல்லா நிறுவனங்களும் ஜூம் கேமராக்களைக் குவித்தன. இன்று மலிவாகக் கிடைப்பவையும் அவையே. வெளியூர்ப் பயணம், பகல் வெளிச்சம் என்றால் தயங்காமல் வாங்குங்கள். ஆனால் முழுதாக நீட்டிய நிலையில் சிலவற்றின் துவாரம் எஃப் 11 வரை சுருங்கிவிடும். எஃப் 2.8 லென்ஸோடு ஒப்பிட்டால் பதினாறில் ஒரு பங்கு வெளிச்சம்தான் உள்ளே வரும். மேகமூட்டம் என்றாலே கை நடுக்கம் படத்தில் தெரியத் தொடங்கும். ஜூம் வாங்கியவர்கள் 400 பிலிமையே போடுங்கள். இரண்டடி நடந்து நெருங்க முடிகிற இடத்தில் ஜூமைத் தொடாதீர்கள்.

8. எந்த பேட்டரி என்று முதலில் கேளுங்கள்.

எல்35ஏஎஃப்புக்கு இரண்டு பென்சில் செல் போதும்; எந்த ஊர்ப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். எக்ஸ்ஏ2இன் பட்டன் செல்களை வாட்ச் கடையில் வாங்கலாம். மியூ-2 கேட்கும் சிஆர்123ஏ பேட்டரி சிற்றூர்களில் கிடைப்பது சிரமம். பயணம் போகும்போது ஒன்று கூடுதலாக எடுத்துச் செல்லுங்கள். 1984 வரை தயாரான ஒலிம்பஸ் ட்ரிப் 35க்கு பேட்டரியே வேண்டாம். லென்ஸைச் சுற்றியுள்ள செலினியம் வளையம் வெளிச்சத்திலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். ஒளி போதவில்லையென்றால் வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும். படம் எடுக்க விடாது. தன் எல்லையை அவ்வளவு நேராகச் சொல்லும் கேமரா குறைவு.

9. புகழுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

கான்டாக்ஸ் டி2 1990இல் டைட்டானியம் உடலும் ஸோனார் லென்ஸுமாக வந்தது. நல்ல கேமரா, அதில் சந்தேகமில்லை. ஆனால் 2017இல் மாடல் கெண்டல் ஜென்னர் ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி நிகழ்ச்சிக்கு அதைக் கொண்டுவந்த பிறகு அதன் விலை ஏறிய வேகத்துக்கும் லென்ஸின் தரத்துக்கும் தொடர்பில்லை. லென்ஸ் 1990இல் இருந்ததுதான். அதற்குள் இருக்கும் மின்சுற்றுக்கு மட்டும் வயது கூடியிருக்கிறது.

இந்த வயதைப் பற்றி நன்றாக யோசியுங்கள். முழுக்க இயந்திரத்தால் ஆன பழைய கேமராவைக் கைதேர்ந்த ஒருவர் பிரித்துச் சரிசெய்துவிடுவார். 1980க்குப் பின் வந்த தானியங்கிகளில் மின்சுற்று போனால் புது உதிரிபாகம் கிடைக்காது. செத்த இன்னொரு கேமராவிலிருந்து எடுத்துத்தான் போட வேண்டும். எனவே திடீரென்று நின்றுபோனால் தாங்கிக்கொள்ளக்கூடிய தொகையை மட்டும் செலவிடுங்கள். உத்தரவாதத்தோடு புதிதாகவே வேண்டும் என்பவர்களுக்கு 2024இல் வந்த பென்டாக்ஸ் 17 இருக்கிறது. அது ஒரு சட்டத்தைப் பாதியாக்கி 36 படச் சுருளில் 72 படம் தரும். பிலிம் விற்கும் விலைக்கு அது பெரிய உதவி.

கேமராவின் விலையோடு நான்கு ரோல் பிலிம், அவற்றைக் கழுவி ஸ்கேன் செய்யும் கூலி ஆகியவற்றையும் கூட்டி மொத்தத்தைப் பாருங்கள். பாதிக்குமேல் கேமராவுக்கே போகிறதென்றால் இன்னும் எளிய கேமராவாகப் பாருங்கள்.

10. கையில் வாங்கிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

போகும்போதே புது பேட்டரியும், வீணாய்ப் போன பழைய ரோல் ஒன்றும் கொண்டுபோங்கள். பேட்டரி அறையைத் திறந்து பச்சைப் பாசிபோல் அரிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். ரோலைப் போட்டு மூடி, மோட்டார் இழுக்கிறதா, எண் நகர்கிறதா, கடைசியில் திரும்பச் சுற்றுகிறதா என்று கவனியுங்கள். பிறகு ரோலை எடுத்துவிட்டுப் பின்கதவைத் திறந்தபடி லென்ஸை வெளிச்சத்துக்குக் காட்டி அழுத்துங்கள்; இருட்டான இடத்தில் ஷட்டர் மெதுவாகவும் வெயிலில் சட்டென்றும் திறந்து மூட வேண்டும். கதவு திறந்திருந்தால் இயங்காத கேமராவும் உண்டு. அதில் கதவை மூடி ஓசையை வைத்துக் கண்டுகொள்ளுங்கள். லென்ஸில் சிலந்தி வலைபோல் பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். கடற்கரை ஊர்களில் இருந்த கேமராவில் இது சாதாரணம். கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுவென்று உருகியிருந்தால் பயப்பட வேண்டாம், அதை மாற்றிவிடலாம். பிளாஷ் ஏறி எத்தனை வினாடியில் தயாராகிறது என்று பாருங்கள்.

பழுதானால் நீங்களே பிரிக்கத் துணியாதீர்கள். பேட்டரியை எடுத்த பிறகும் பிளாஷுக்கான மின்தேக்கியில் சுமார் 300 வோல்ட் தங்கியிருக்கும். அது விளையாட்டுக் காரியமில்லை.

11. முதல் ரோலைக் கேமராவைப் படிக்கச் செலவிடுங்கள்.

காலாவதியாகாத, புதிய 400 கலர் ரோல் ஒன்று போடுங்கள். வெயிலில் ஒன்று, நிழலில் ஒன்று, ஜன்னல் எதிரே ஒரு முகம், அதே முகம் பிளாஷோடு, ஒரு மீட்டரில், மூன்று மீட்டரில், தொலைவில் என்று வரிசையாக எடுங்கள். ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்து வையுங்கள். லேபில் நெகட்டிவை மறக்காமல் திருப்பி வாங்குங்கள். ஸ்கேனில் இயந்திரமே ஒளியைச் சரிசெய்து கொடுத்துவிடும். கேமரா எடுத்த முடிவு நெகட்டிவில்தான் அப்படியே இருக்கும். நோட்டையும் நெகட்டிவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நான் மேலே சொன்ன நான்கு முடிவுகளில் உங்கள் கேமரா எதில் பலம், எதில் பலவீனம் என்று ஒரே ரோலில் தெரிந்துவிடும்.

12. என்னைக் கேட்டால்.

கடைசியில் எல்லாரும் இதைத்தான் கேட்கிறார்கள், மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் பிடித்தது 1980இல் வந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ2. அதற்கு ஓராண்டு முன் வந்த எக்ஸ்ஏயை வடிவமைத்தவர் யோஷிஹிசா மைதானி. உறையும் லென்ஸ் மூடியும் தனியாக வேண்டாத, எப்போதும் உடன் இருக்கக்கூடிய கேமராவைச் செய்ய நினைத்தவர் அவர். அந்த நகரும் மூடி எக்ஸ்ஏ2இலும் உண்டு. மூடியைச் சாத்தியதும் தூர நிலை தானாகவே நடுவுக்குத் திரும்பிவிடும். அவசரத்தில் திறந்து அழுத்தினாலும் பெரும்பாலும் படம் தப்பாது. வெளிச்சம் குறைந்தால் வியூஃபைண்டரில் சிறு விளக்கு எரிந்து எச்சரிக்கும். தூரம், பிளாஷ், பிலிம் வேகம் மூன்றையும் என்னிடம் விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் அது தன்னிடம் வைத்துக்கொள்கிறது. தெருவிலும் திருவிழாவிலும் பகலில் எடுப்பவனான எனக்கு இந்தப் பங்கீடு பொருந்துகிறது. குழந்தைகள் ஓடும் வீட்டில் எடுப்பவருக்கு இது பொருந்தாது. அவருக்கு நிக்கான் எல்35ஏஎஃப்பையே சொல்வேன்.

13. வாங்கியபின் ஓராண்டு வேறு கேமரா தேடாதீர்கள்.

பட்டனை அழுத்துவதற்கு முன்பே, இந்த இடத்தில் இது ஏமாறும் என்று உங்களுக்குத் தோன்ற ஆரம்பிக்க வேண்டும். ஜன்னலைப் பார்த்ததும் விரல் தானாக நெம்புகோலுக்குப் போக வேண்டும். அந்தப் பழக்கம் ரோல் மேல் ரோல் போட்டால்தான் வரும். மாதம் ஒரு கேமரா மாற்றினால் வராது. மழைக்காலத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்டுக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மாதக்கணக்கில் எடுக்கப் போவதில்லை என்றால் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். ஓராண்டு முடிந்தபின் உங்கள் நெகட்டிவ்களை எல்லாம் எடுத்து வைத்து, கேமராவின் தவறான முடிவால் இழந்த படங்கள் எத்தனை என்று எண்ணுங்கள். மாதத்துக்கு மாதம் அவை குறைந்துவந்திருந்தால் அந்தக் கேமராவையே வைத்துக்கொள்ளுங்கள், உங்களுக்குரியது கிடைத்துவிட்டது. குறையவில்லை என்றால் நான்கில் எந்த முடிவில் அது உங்களைக் கைவிட்டது என்று எழுதிக்கொண்டு அடுத்ததைத் தேடுங்கள். அப்போது யாருடைய பட்டியலும் உங்களுக்குத் தேவைப்படாது.